அணைத்த அடுப்பில் தீய்ந்த பால்

என் அண்ணியின் சமையலறையில் பால் தீய்கிற வாசனை வரும். அடுப்பு அணைந்திருக்கும். பால் ஃப்ரிட்ஜில் குளிர்ந்து கிடக்கும். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்திருப்பாள். இருந்தும் வரும், அவளுக்கு மட்டும்.

முதல் தடவை வந்தபோது அவள் உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த தலையணை உறையோடு ஓடினாள். அடுப்புக் குமிழைத் திருகிப் பார்த்தாள். பர்னரைத் தொட்டாள், ஜில்லென்று இருந்தது. குப்பைக் கூடையை முகர்ந்தாள். ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினாள். வெளியேயும் அதே வாசனை, அதே அளவு, கூடவும் இல்லை குறையவும் இல்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, பால் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டாள். அவர்களுக்குப் பால் ஒத்துக்கொள்ளாதாம், வாங்குவதே இல்லையாம். திரும்பி வந்து ஃப்ரிட்ஜில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள்.

"வந்துட்டீங்களா?" என்று கேட்டாளாம், அடுப்பைப் பார்த்து.

சாயங்காலம் போனில் இதைச் சொன்னபோது எனக்கு முதலில் தோன்றியது கேஸ் கசிவு. நான் அப்படிப்பட்டவள், வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய், கேஸை மூடினேனா என்று பார்க்கத் திரும்பி வருகிறவள்.

"அண்ணி, ஜன்னலெல்லாம் திறந்து வைங்க. ஒரு ஸ்விட்சையும் தொடாதீங்க. நான் இப்பவே கிளம்பறேன்."

"கேஸ் இல்லம்மா. பால்."

"பாலே வெக்கலன்னு சொன்னீங்க?"

"வெக்கல."

"அப்புறம் எப்படி?"

"உங்கண்ணன்தான்," என்றாள். கடைக்குப் போன மனுஷன் வீடு திரும்பிவிட்டதைச் சொல்கிற குரல். "சரி, வை. எனக்கு வேலை கிடக்கு."

அண்ணன் செத்துப்போய் அப்போது இரண்டு பருவம் கடந்திருந்தது.

அவன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். மயிரிழை பிசகினாலும் விரல் நுனியில் கண்டுபிடித்துவிடுவான். அப்பேர்ப்பட்டவனால் ஒரு பாத்திரம் பாலைப் பார்த்துக்கொள்ள முடியாது. காலையில் அண்ணி பாலை அடுப்பில் ஏற்றிவிட்டுக் குளிக்கப் போவாள். அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்காருவான். கை நீட்டினால் எட்டிவிடும். அப்படி உட்கார்ந்தபடியே எங்கேயோ போய்விடுவான். அவள் ஈரத் தலையோடு வரும்போது வீடு முழுக்க நெடி.

"பாலுக்குப் போய் வாட்ச்மேன் வெச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"பார்த்துக்கிட்டுதானே இருந்தேன்."

"எதைப் பார்த்தீங்க?"

"பாலைத்தான்."

அது பொய்யாக இருக்காது. பால் அடிபிடிப்பது மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. பாலில் இருக்கிற புரதங்களில் ஒரு வகை, சூடு ஏறினால் சுருள் அவிழ்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பாத்திரத்தின் அடியில் படலமாகப் படியும். படிந்த பிறகு, மேலே அலைகிற பாலால் அந்த இடத்தைக் குளிர்விக்க முடிவதில்லை. சூடு அங்கேயே ஏறிக்கொண்டு போகும். புரதமும் பாலின் சர்க்கரையும் சேர்ந்து முதலில் பழுப்பாகும், அப்புறம் கரியாகும். மேலே பார்த்தால் ஒன்றும் அறியாத வெள்ளை. பொங்குவது வேறு சமாசாரம். மேலே கட்டுகிற ஆடைக்கு அடியில் ஆவி மாட்டிக்கொண்டு, ஆடையையும் தூக்கிக்கொண்டு எழும். அதைக் குருடன்கூடச் சத்தத்தில் பிடித்துவிடுவான், அடுப்பில் விழுந்து சீறும்போது. அடிபிடிப்பதற்கு அந்த ஆர்ப்பாட்டம் கிடையாது. கனமான அடி, சின்னத் தீ, தட்டைக் கரண்டியால் அடியைத் தடவிக்கொண்டே இருக்கும் பொறுமை, இவ்வளவுதான் வழி. மீறித் தீய்ந்துவிட்டால் கிளறவும் கூடாது, சுரண்டவும் கூடாது. மேலாக இருக்கும் பாலை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் கொஞ்சம் தப்பும். இதையெல்லாம் அண்ணி அவனிடம் சொல்லாத நாளில்லை. நன்றாகத் தலையாட்டுவான்.

ஊரெங்கும் பரவிய அந்த வருஷக் காய்ச்சலில் இருவரும் ஒன்றாகப் படுத்தார்கள். அண்ணி எழுந்தாள். அவன் எழவில்லை.

எழுந்தவளுக்கு மூக்கு போயிருந்தது. எல்லாம் முடிந்து, வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிப் போன பிறகு, அவன் சட்டை ஒன்றை எடுத்து முகத்தில் வைத்தபோதுதான் அது தெரிந்தது. துணி. வெறும் துணி. கழுத்துப் பட்டையில், அக்குளில், பையில் எல்லாம் தேடினாளாம். ஒன்றுமில்லை.

அண்ணிக்கு பஸ் டிப்போ கேன்டீனில் வேலை; பிழைக்க வந்த இந்த நாட்டில் அங்கேதான் தமிழ் பேசுகிறவர்கள் அதிகம். பெரிய சமையல் அவள் கையில். அங்கே ஒரு வழக்கம் உண்டு: பரிமாறும் ஜன்னலைத் திறப்பதற்கு முன்னால், சமைத்தவர் ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு கரண்டி எடுத்து, எல்லாரும் பார்க்க முகர்ந்து, ருசித்து, "திறக்கலாம்" என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் ஜன்னல் திறக்காது. மூக்கு போன பிறகும் அண்ணி முகர்ந்தாள், கண்ணை மூடி, புருவத்தைத் தூக்கி.

"சினிமாவுல சேர்த்திருப்பாங்க என்னை," என்றாள் என்னிடம். "சொன்னா வீட்டுக்குப் போன்னுடுவாங்க. அந்த வீட்டுல நாள் முழுக்க உக்காந்து என்ன பண்றது?"

அதனால் காதால் சமைக்க ஆரம்பித்தாள். இது நடக்கிற காரியமா என்று எனக்குச் சந்தேகம். ஒரு விடுமுறை நாளில் என்னை அடுப்புக்கு முதுகைக் காட்டி நிற்க வைத்து வெங்காயத்தை எண்ணெயில் போட்டாள். "கேளு." முதலில் சடசடவென்று அடைமழை. வெங்காயத்தில் இருக்கிற தண்ணீர் எண்ணெயில் வெடித்து ஆவியாகிற சத்தம் அது. தண்ணீர் இருக்கும்வரை வெங்காயத்தின் சூடு கொதிநிலையைத் தாண்டாது. அதைத் தாண்டாமல் அது சிவக்காது. மழை மெல்ல ஓய்ந்தது. பிறகு மணல் சரிகிற மாதிரி மெல்லிய ஓசை. "இப்பத் திரும்பு," என்றாள். பொன்னிறத்தில் இருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் ஓசையே நின்றுவிடும், அப்போது கருக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தமாம்.

நாக்கு அவளிடம் மிச்சமிருந்தது. உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு, மாமிசத்திலும் காளானிலும் இருக்கிற அந்தச் சாறு ருசி, இவ்வளவுதான் நாக்குக்குத் தெரியும். மற்றதெல்லாம் மெல்லும்போது தொண்டைக்குப் பின்னால் ஏறி மூக்குக்குப் போகிற வாசனை. நம்பாதவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆப்பிளையும் பச்சை உருளைக்கிழங்கையும் கடித்துப் பார்க்கலாம். மிளகாயின் காரம் ருசியே இல்லை, வலி. அதற்கு மூக்கு வேண்டாம். ஏதாவது ஒன்று உறைக்கட்டும் என்று அண்ணி கை தாராளமாக மிளகாய் போட்டாள்.

டிப்போவில் ஒரு டிரைவர் இருந்தார். எதையும் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரித்தான் பேசுவார். அதனால் அவருக்கு 'ஹார்ன்' என்று பேர். "அக்கா, உங்க சாப்பாட்டைச் சாப்பிட்டா ஸ்டாப்பிங்ல நிக்க முடியல. வண்டி தானா பறக்குது!" என்று ஜன்னலில் நின்று கத்துவார். அண்ணி சிரிப்பாள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இந்தச் சமயத்தில்தான் பால் வாசனை வரத் தொடங்கியது. வாரத்தில் ஒரு நாள், அப்புறம் ஒன்றுவிட்டு ஒரு நாள். பெரும்பாலும் வீட்டில், காலையில், குளித்துவிட்டு வரும்போது. அவள் அதனோடு பேசப் பழகிவிட்டாள். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, "இன்னைக்கு என்ன யோசனை?" என்பாள். மற்ற வாசனை ஒன்றுகூட இல்லாத உலகத்தில் அந்த ஒன்று மட்டும் வந்து வந்து போனது. நான் அங்கே போகும்போதெல்லாம் யாரும் பார்க்காத நேரத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று மூச்சை இழுத்துப் பார்ப்பேன். பாத்திரம் கழுவுகிற சோப்பு வாசனைதான் வரும். கூடப் பிறந்தவள் நான். என்னிடம் அவன் வரவில்லை.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனது நான்தான். இந்த நாட்டு மொழி அண்ணிக்கு பஸ்ஸுக்கும் கடைக்கும் போதும், ஆஸ்பத்திரிக்குப் போதாது. நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மாற்றிச் சொல்வது என் வேலை. டாக்டர் பொறுமையானவர், படம் வரைந்து காட்டினார். மூக்கின் மேல்கூரையில் வாசனை பிடிக்கிற நரம்புகள் இருக்கின்றன. காய்ச்சலில் அந்த இடம் பாழாகியிருக்கிறது. அவை மறுபடி முளைக்கக்கூடியவை. முளைக்கும்போது தப்பான இடத்தில் போய் ஒட்டிக்கொண்டால் மூளைக்கு இல்லாத வாசனை தெரியும். நிறையப் பேருக்கு அது கருகல் வாசனையாகத்தான் இருக்கும். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, தைலம் என்று நாலு குப்பிகளை வைத்துக்கொண்டு காலையும் மாலையும் கவனமாக முகர்ந்து பழக வேண்டும். நிஜ வாசனை திரும்பத் திரும்ப, இல்லாத வாசனை மங்கிப்போகும்.

அப்படியே சொன்னேன். அண்ணி கடைசி வாக்கியத்தில் நின்றுவிட்டாள்.

"மங்கிப் போயிடுமா?"

"ஆமா அண்ணி. பயப்பட வேணாம்னு சொல்றார்."

"மங்காம இருக்க என்ன பண்ணணும்னு கேளு."

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். "நன்றி சொல்கிறார்கள்," என்றேன்.

குப்பிகளை நானே வாங்கி, மூடியில் நிறம் ஒட்டி, சமையலறை அலமாரியில் வரிசையாக வைத்துவிட்டு வந்தேன். போனில் கேட்கும்போதெல்லாம், "மோந்துக்கிட்டுதான் இருக்கேன், போலீஸ்காரி," என்பாள். அடுத்த முறை போனபோது எடுத்துப் பார்த்தேன். ஒரு மூடியும் சீல் உடையவில்லை. அப்படியே வரிசையில் திருப்பி வைத்தேன்.

டிப்போவில் நடந்ததை அவளும் சொன்னாள், ஹார்னும் சொன்னார். இருவர் சொன்னதும் ஒத்துப்போகிறது.

காலை முதல் ஷிஃப்ட். டீக்காகப் பெரிய பாத்திரத்தில் பால் ஏறியிருந்தது. இன்னொரு அடுப்பில் வெங்காயம், இன்னொன்றில் முட்டை. மூக்கில்லாத அண்ணி எதையும் நம்புவதில்லை. எண்ணெயை நாக்கில் வைத்துப் பார்ப்பாள், மாமிசத்தை விரலால் தடவிப் பிசுபிசுப்பு இருக்கிறதா என்று பார்ப்பாள், வெங்காயத்துக்குக் காது கொடுப்பாள். ஒரே ஒரு பொருளை மட்டும் அவள் கண்காணிப்பதில்லை. பாலை. "எது தெரியாட்டியும் பால் தீய்ஞ்சா எனக்குத் தெரிஞ்சிடும். அந்த ஒரு வாசனை என்கிட்ட இருக்குதே." அப்படி நினைத்திருந்தாள். பாலுக்கு ஒரு கண்கூட வைக்கவில்லை.

ஹார்ன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். "அக்கா! பால் போச்சு! மூக்கை என்ன வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டீங்களா?"

அண்ணி திரும்பினாள். சாப்பாட்டு மேசைகளில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஜன்னலைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். பாத்திரம் கழுவுகிற அம்மா முந்தானையால் விசிறினாள். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டுப் பாத்திரத்தின் மேல் குனிந்தாள். முகத்தில் ஆவி அடித்தது. ஆழமாக இழுத்தாள். மறுபடி இழுத்தாள். ஈரச்சூடு. அவ்வளவுதான்.

"டிப்போ முழுக்க அவரு இருந்தாரு," என்றாள் என்னிடம். "பேரு தெரியாத கண்டக்டருக்கெல்லாம் தெரிஞ்சாரு. எனக்கு மட்டும் இல்ல."

அவள் பாத்திரத்தை விட்டு நிமிராததைப் பார்த்து ஹார்ன் முதன்முறையாகக் குரலைத் தாழ்த்தி, "என்னக்கா, அழுவுறீங்களா? பால்தானே?" என்று கேட்டிருக்கிறார்.

"எனக்கு மூக்கு வேலை செய்யல தம்பி. ரொம்ப நாளா."

"அப்போ நான் இத்தனை நாளா தின்னதெல்லாம்?"

"காதால சமைச்சது."

யாரோ சிரித்துவிட்டார்கள். மேனேஜர் வந்தார். கேட்டார், தாடையைத் தடவினார். ஜன்னல் திறப்பதற்கு முன் முகர்வதற்கு வேறு ஆள் வேண்டும், அவ்வளவுதானே என்றார். இந்த டிப்போவிலேயே பெரிய மூக்கு யாருடையது என்பதில் இரண்டாம் பேச்சே இல்லாமல் போனது. அன்றிலிருந்து ஹார்ன் வண்டி எடுக்கும் முன் எல்லாப் பாத்திரத்திலும் குனிந்து எழுந்து, "திறக்கலாம்!" என்று கூவுகிறார்; அதைக் கேட்டுப் பக்கத்துத் தெருவில் கடை திறக்கிறார்கள் என்று அண்ணி சொல்வாள்.

வேலை பிழைத்தது. ஆனால் அன்று சாயங்காலம் வீட்டில் அந்த வாசனை வந்தபோது அவளால் அதனோடு பேச முடியவில்லை. எனக்கு போன் செய்தாள்.

"நிஜமாவே தீய்ஞ்ச பால் எனக்குத் தெரியல. அப்போ இங்க வர்றது பால் இல்ல. அது அவரு இல்ல."

"அண்ணி, டாக்டர்தான் சொன்னாரே, நரம்பு..."

"அது கிடக்கட்டும். இத்தனை நாளா யாரை வா வான்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன்? குளிச்சுட்டு அரையும் குறையுமா யாரு முன்னாடி நின்னு பேசினேன்?"

போனை வைத்த பிறகு என் வீட்டு விளக்குகளை எல்லாம் போட்டேன்.

அன்றே அவள் குப்பிகளைத் திறந்தாள். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, தைலம். ஐந்தாவதாக ஒன்றை அவளே சேர்த்தாள்: சின்ன வாணலியில் ஒரு கரண்டி பாலை ஊற்றி, வேண்டுமென்றே தீயவிட்டு, மூக்குக்கு நேரே பிடித்து இழுப்பாள். தினமும் காலை, தினமும் மாலை. வார இறுதியில் நான் போய்ச் சாட்சி சொல்ல வேண்டும்.

"இருக்கா?"

"இருக்கு அண்ணி."

"எப்படி இருக்கு?"

"கசப்பா. கொஞ்சம் முடி கருகின மாதிரி."

"ம். எனக்கு ஒண்ணும் இல்ல." மறுபடி இழுப்பாள்.

அந்த வாசனையோடு நான் ரயிலில் வீடு திரும்புவேன். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மெல்ல எழுந்து வேறு இடம் போவார்கள்.

அந்த இன்னொன்று, இல்லாத பால் வாசனை, குறைந்துகொண்டே வந்தது. வந்தாலும் மெல்லிசாக, கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நிற்கிற மாதிரி இருக்கும் என்றாள். பிறகு நின்றுவிட்டது. நிஜ வாசனையும் வரவில்லை. அந்த நாட்களில்தான் நான் அவளுக்காக மிகவும் பயந்தேன். "இப்போ வீட்டுல யாருமே இல்ல," என்றாள் ஒரு தடவை. "அது யாரா வேணா இருந்துட்டுப் போகட்டும். போன்னு சொல்லியிருக்கக் கூடாதோ?" இல்லாததைத் துரத்திவிட்டு, இருந்ததும் திரும்பாமல் போனால் என்ன செய்வது? அதைத்தான் கேட்கிறாள் என்று தெரிந்தது. நான் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தேன். நறுக்கிக்கொண்டே இருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை. வாணலி வேண்டாம், இன்றைக்குப் பெரிய பாத்திரத்திலேயே வைக்கிறேன் என்றாள். பாலை ஊற்றி, சின்னத் தீயில் வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் கதவருகே நின்றேன். பாலின் விளிம்பில் சின்னச் சின்னக் குமிழ்கள் வரிசை கட்டின. நடுவில் ஆடை சுருங்க ஆரம்பித்தது.

அவள் முதுகு நிமிர்ந்தது. "இனிப்பா ஒண்ணு."

"என்ன அண்ணி?"

"தீயல. இது தீயறது இல்ல. அதுக்கு முன்னாடி. இனிப்பா, சூடா... குழந்தை தலை மாதிரி. உனக்கு வருதா?"

அருகே போய்க் குனிந்தேன். இருந்தது. மிகவும் லேசாக. அடியில் பழுப்பாகத் தொடங்கி, கரியாவதற்கு முந்திய கொஞ்ச நேரத்துக்கு மட்டும் இருக்கிற வாசனை. இந்த வாசனைக்கு யாரும் பேர் வைத்ததாக எனக்குத் தெரியவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத்தான் கிடைக்கும். அடுத்த அறையிலிருந்து வருகிறவர்களுக்கு நெடிதான் மிச்சம்.

"இருக்கு அண்ணி. நிஜமாவே இருக்கு."

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கண் பாலில் இருந்தது, ஆனால் பாலில் இல்லை. அந்த முகத்தை நான் இதற்கு முன் அந்த நாற்காலியில் பார்த்திருக்கிறேன், வேறு ஒருவரிடம்.

"நீ கொஞ்சம் வெளிய இரு," என்றாள்.

வெளியே வந்து கதவைச் சாத்தினேன். நடையில் என் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே அவள் பேசத் தொடங்கினாள். வார்த்தைகள் சரியாகக் கேட்கவில்லை. திட்டுகிற குரல், ஆனால் தாழ்ந்த குரல். ஒன்று சொல்வாள், நிறுத்துவாள். நிறுத்துகிற இடைவெளி ஒவ்வொன்றும் ஒரே மாதிரி இல்லை. சிலது சின்னது. சிலது நீளம், யாரோ சுற்றி வளைத்து ஒரு விளக்கம் சொல்லி முடிக்கிற அளவு.

கதவின் அடியிலிருந்து நெடி வர ஆரம்பித்தது. பால் அடிபிடித்துவிட்டது. அடுப்பு எரிகிறது, ஆள் கவனிக்கவில்லை. தட்ட வேண்டும் என்று கையை ஓங்கினேன். உள்ளே அண்ணி சிரித்தாள்.

கையை இறக்கிக்கொண்டேன்.